சுவரும் கூரையும் சேருமிடம்

ஓட்டுச் சரிவில் போட்ட பலகைமேல் குப்புறப் படுத்துக்கொண்டு, தோட்டக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்து, நான்காவது வரிசை ஓடுகளின்மேல் அவள் தண்ணீரை மெல்ல வழியவிட்டாள். கீழே அறைக்குள்ளிருந்து எந்தச் சத்தமும் இல்லை.

“ஊதினாராடா?”

ஜன்னலோரம் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற தம்பி உள்ளே எட்டிப் பார்த்தான். “இல்லக்கா. மேலயே பாத்துக்கிட்டு இருக்காரு. கண்ணக்கூட சிமிட்டல.”

“மூச்சு வருதான்னு பாரு.”

தம்பி தலையை உள்ளே விட்டு, உடனே வெளியே எடுத்தான். “வருதாம். உன்ன வேலையப் பாக்கச் சொல்றாரு.”

பள்ளி மைதானத்தில் முப்பது வருடம் அவள் ஊதிய விசில் இப்போது உள்ளே படுத்திருந்த அவள் கணவரின் கழுத்தில் தொங்கியது. மேலிருந்து ஒரு சொட்டு விழுந்தாலும் ஊத வேண்டும் என்று ஏற்பாடு. ஏற்பாடு அவருடையதுதான். “கல்யாணம் ஆன நாள்லேருந்து நீ ஊதுற, நான் ஓடுறேன். ஒரு நாளாவது நான் ஊதுறேனே, டீச்சர்” என்று காலையில் கேட்டார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் நடுவில் இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

அவர் தையல்காரர். வீட்டின் பெரிய சுவரை ஒட்டிச் சரிவாக இறக்கிய இந்தப் பின்னறைதான் அவருடைய கடை, பட்டறை எல்லாம். துணி வெட்டும் மேசை இருந்த இடத்தில் மூன்று மாதமாகக் கட்டில் கிடக்கிறது. இதயம் வீங்கிவிட்டது, இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அடுத்த தெரு நர்ஸம்மா தினமும் வந்து போவார். முந்தாநாள் அவர் அவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, “ஒரு வாரம்மா. அதுக்குள்ளயே ஆனாலும் ஆயிடும்” என்றார். அன்று மாலையே மழை. சொட்டுச் சொட்டாக அவருடைய போர்வையில் விழுந்தது.

“முன்னறைக்கு மாத்திடலாம் மாமா” என்றான் தம்பி.

“அங்க படுத்தா விருந்தாளி மாதிரி இருக்கும் மாப்பிள்ள. ஊசியில நூல் கோக்குற வெளிச்சம் இங்கதான் இருக்கு. நான் வரல.”

கூரை வேலைக்காரருக்குப் போன் செய்தார்கள். அடுத்த வாரம்தான் வர முடியும் என்றார். அதைக் கேட்டுத் தையல்காரர் சிரித்தார். “அவரு வந்துடுவாரு. நான் இருக்கணுமே.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து போய், பீரோவுக்கு அடியில் கிடந்த பழைய டிராக் பேன்ட்டைத் தேடி எடுத்தாள். அறுபத்தொரு வயது. ஏணி ஏறுவதில் அவளுக்கு எந்தக் காலத்திலும் பயம் இருந்ததில்லை.

ஐந்தாவது வரிசையும் முடிந்தது. ஒரு வரிசைக்கு ஐந்து நிமிடம், கீழிருந்து மேலே, அவசரப்படாமல். அதுவும் அவர் சொன்னதுதான். எடுத்த எடுப்பில் உச்சியில் தண்ணீர் விட்டால் கூரை முழுக்க நனைந்துவிடும், எங்கே புகுந்தது என்று தெரியாது. “கறை இருக்குற இடம் ஒண்ணு, தண்ணி நுழைஞ்ச இடம் வேற. கோட்டுக்குள்ள வியர்வை இறங்குற மாதிரி, உத்திரத்தப் புடிச்சிக்கிட்டே ஓடி எங்கயோ வந்து சொட்டும்.”

அவள் இன்னும் மேலே ஊர்ந்து, கூரை சுவரில் முட்டும் இடத்துக்கு வந்தாள். அந்த மூலை நெடுகிலும் ஒரு தகடு மடித்துப் பதித்திருந்தது. தகடு விற்ற இரும்புக் கடைக்காரர் அதை ஃபிளாஷிங் என்பார். வீட்டில் அது வெறும் பட்டைதான். சுவரில் வழிகிற மழைநீரை வாங்கி ஓட்டின்மேல் தள்ளிவிடுவது அதன் வேலை. இந்தப் பட்டையின்மேல் தம்பி இரண்டு வருடத்தில் இரண்டு முறை தார் பூசியிருந்தான். லாரி ஓட்டுகிறவன், டயரைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் தார்தான் மருந்து என்று நம்புகிறவன். அதனால் மாமா அவனுக்கு இன்ஜினியர் என்று பேர் வைத்திருந்தார்.

அவள் குழாயைத் தூக்கிச் சுவரிலேயே தண்ணீர் வழியவிட்டாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பீப்.

மெலிந்த, காற்று அதிகமும் ஒலி குறைவுமான ஒரு பீப். தொடர்ந்து இன்னொன்று. இன்னொன்று.

“ஊதுறாருக்கா! விடாம ஊதுறாரு!”

“போதும்னு சொல்லுடா, மூச்சு போயிடப் போகுது!” என்று கத்தியபோது அவளுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பலகையோடு சேர்ந்து அவள் குலுங்க, குழாய் கைநழுவித் தம்பியின் தலையில் கொட்டியது.

தகட்டைப் போனில் படம் பிடித்து இறக்கிக் கொடுத்தாள். தம்பி ஈரத் தலையோடு உள்ளே போய்க் காட்டினான். அவளும் ஜன்னலருகே இறங்கி வந்து நின்றாள். அவர் படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, யாரோ தைத்த சட்டையைக் குறை பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“இன்ஜினியரே, சட்டைப் பை மூடி பாத்திருக்கியா?”

“பாத்திருக்கேன் மாமா.”

“மேல தையல். கீழ சும்மா தொங்கணும். இந்தப் பட்டையும் அப்படித்தான். மேல் ஓரம் சுவத்துக்குள்ள சொருகி இருக்கணும். இங்க பூச்சு உதிர்ந்து அது வெளிய வந்து கிடக்கு. நீ என்ன செஞ்ச? கீழ் ஓரம் பூரா தார வச்சு ஒட்டிட்ட. மூட வேண்டியது திறந்து கிடக்கு, திறந்திருக்க வேண்டியத மூடிட்ட.”

“கீழதான மாமா தண்ணி ஓடுது? அதான் அங்க பூசினேன்.”

“கீழயும் தச்சுட்டா கைய எங்க விடுவ?”

தம்பி தன் சட்டைப் பையைக் குனிந்து பார்த்துக்கொண்டான். மூன்று பேரும் சிரித்தார்கள். சிரிப்பு இருமலாக மாறியதும் அவள் உள்ளே ஓடி வந்து அவர் முதுகைத் தாங்கிப் பிடித்தாள். அடங்கியதும் அவர் சொன்னார்: “மூணு மணிக்குள்ள முடிச்சிடு. காத்து மாறுது.”

அவள் மறுபடி ஏறினாள். தாரைத் தட்டைக் கத்தியால் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள். தம்பி அடியில் நின்று, “நல்ல தாருக்கா அது” என்று வருத்தப்பட்டான். சுவரில் நீளப் பள்ளமாக வெட்டியிருந்த காடியைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்தாள். தகட்டின் மேல் ஓரத்தைக் காடிக்குள் தள்ளி, மடித்த தகரத் துண்டுகளை அங்கங்கே இறுக்கமாகச் செருகினாள். பிறகு, துப்பாக்கி மாதிரி அழுத்தும் குழலால் மேல் ஓரம் முழுக்கப் பசை இழுத்தாள். கோணலாகத்தான் போனது. அதன் படத்தையும் பார்த்துவிட்டு, “காஜா போடத் தெரியாதவ கைவேலை. ஆனா பிரியாது” என்று அவர் சொல்லியனுப்பினார். கீழ் ஓரத்தை ஒன்றும் செய்யாமல் விட்டாள்.

பசை காயட்டும் என்று இரண்டு மணிவரை பொறுத்து, திரும்பத் தண்ணீர் விட்டாள். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். விசில் இல்லை. அந்த அமைதி நீள நீள அவளுக்கு வேறு ஒரு பயம் வந்தது. தம்பியைக் கூப்பிட வாயைத் திறந்தாள்.

பீப், பீப்.

இரண்டு முறை. அவளுடைய மைதானத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: ஆட்டம் முடிந்தது, கை கழுவிவிட்டு வாருங்கள்.

மழை மூன்றரைக்கு வந்தது. முதலில் தூறல், பிறகு சுவரில் சாய்வாக அறையும் பெருமழை. கட்டிலின் ஒரு பக்கம் அவள், இன்னொரு பக்கம் தம்பி. சிவப்புக் கறை படிந்த உத்திரத்தை மூவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கால் மணி, அரை மணி. ஒரு சொட்டு இல்லை. தம்பி எழுந்து உத்திரத்தைத் தடவிப் பார்த்து, உள்ளங்கையை விரித்துக் காட்டினான். தூசிதான் ஒட்டியிருந்தது.

“எந்தக் கடையில தச்சது, டீச்சர்?” என்றார் அவர்.

“உங்க கடைதான்.”

அவருக்கு அது பிடித்திருந்தது. அவள் கையை எடுத்து, தார்க்கறை போகாத விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார்.

தம்பி உற்சாகத்தில் கதை சொல்ல ஆரம்பித்தான். ஒருமுறை லாரியில் நூறு கோழிகளை ஏற்றிக்கொண்டு போகும்போது பின்கதவு திறந்துகொண்டதும், சுங்கச்சாவடியில் கோழிகள் வரிசையில் நின்றதும், காவலர் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கோழி பிடித்ததும். அவள் நிறைய தடவை கேட்ட கதை. ஒவ்வொரு தடவையும் கோழிகளின் எண்ணிக்கை கூடும். அவள் கைக்குக் கீழே நெஞ்சு ஏறி இறங்கியது. ஏறியது. நின்று, இறங்கியது.

பிறகு ஏறவில்லை.

அவள் காத்திருந்தாள். அவர் முகம் உத்திரத்தைப் பார்த்தபடி, அடுத்த வரிக்குச் சிரிக்கத் தயாராக இருப்பதுபோலவே இருந்தது. காவலரின் தொப்பிக்குள் கோழி முட்டையிட்ட இடத்துக்குத் தம்பி இன்னும் வரவில்லை. அவள் கையை எடுக்கவில்லை. அவன் அந்த இடத்துக்கு வந்து, தானே தொடையில் தட்டிச் சிரித்தபோது, அவளும் சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள்.

பிறகு, “தம்பி, போய் நர்ஸம்மாவ அழைச்சிட்டு வா” என்றாள்.

அவன் அவளைப் பார்த்தான். அவள் கையைப் பார்த்தான். சட்டென்று எழுந்து, கதவோரம் மாட்டியிருந்த குடையை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான். போன் செய்தாலே போதும். அது அவனுக்குத் தோன்றவில்லை, அவளும் சொல்லவில்லை.

அவள் இடது கையை நீட்டி ஜன்னலைத் திறந்தாள். அவன் பின்தெருவின் நடுவில், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, மூடிய குடையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான்.

“குடைய விரிடா!” என்று மைதானக் குரலில் கத்தினாள்.

அவன் திரும்பாமலே கையைத் தூக்கி ஆட்டிவிட்டு, நனைந்தபடி முனை திரும்பினான்.