பரணிதரனின் கட்டைவிரல்

மீன் பெட்டிக்குள் வைத்துத்தான் அந்தக் கையைக் கொண்டுவந்தார்கள். 1997, மாசி மாதம், மண்டையைப் பிளக்கும் வெயில். செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வாசலில் வேன் நின்றதும் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு காசியம்மாள் குதித்தாள். பின்னால் இரண்டு பேர் அவள் மகன் சீனுவைத் தூக்கிவந்தார்கள். வலது கை மணிக்கட்டோடு போயிருந்தது. கட்டியிருந்த துண்டு ஊறிப்போய், ஏறிய படியெல்லாம் ரத்தம் சொட்டியது.

நடந்தது இவ்வளவுதான். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு சவுக்குத் தோப்பு. சீனுவின் காலனிக்காரர்கள் அந்தத் தோப்பு வழியாகத்தான் காலங்காலமாக இடுகாட்டுக்குப் போவார்கள். தோப்புக்காரர் வாசுதேவன் அதை ஒரு ரிசார்ட்காரனுக்கு விலை பேசி வைத்திருந்தார். பிணம் போகிற தோப்பை எவன் வாங்குவான்? அன்றைக்குக் காலையில் பாடை வந்தபோது அவர் மகன் பரணிதரன் அரிவாளோடு குறுக்கே நின்றான். சீனு முன்கொம்பைப் பிடித்திருந்தான். தூக்கிய பாடையை வழியில் இறக்குவது வழக்கமில்லை. அவனும் இறக்கவில்லை. ஒரே வீச்சு. கொம்பைப் பிடித்திருந்த கை மணலில் விழுந்தது, பிணம் அதன்மேல் சரிந்தது. பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று கணக்கே கிடையாது. பரணிதரனின் அரிவாளைப் பிடுங்கி அவன் மணிக்கட்டிலேயே இறக்கிவிட்டார்கள்.

மேஜர் கிருபாகரன் ராணுவ டாக்டராக இருந்தவர். அமைதிப்படையோடு போய் யாழ்ப்பாணத்தில் கூடாரத்துக்குள் நின்று எத்தனையோ கைகளை அறுத்து வாளியில் போட்டிருக்கிறார். போட்டுப் போட்டு வெறுத்துப்போய்த்தான், ஓய்வு பெற்றதும் கையை ஒட்டவைக்கும் வேலையைக் கற்றுக்கொண்டு செங்கல்பட்டில் வந்து உட்கார்ந்தார். ஊரும் வஞ்சகமில்லாமல் வேலை கொடுத்தது. கரும்பு மிஷினில் பாதி, அரிவாளில் பாதி. அவரும் காலனியில் பிறந்தவர்தான், கூலிக்கு நாற்று நட்டவளின் பிள்ளை. அவர் அப்பாவின் பிணமும் ஊருக்குள் போகக்கூடாதென்று முழங்கால் சேற்றில் சுற்றித்தான் போனது. அந்த ஆத்திரத்தை யூனிஃபார்மோடு கழற்றி வைத்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

பெட்டியைத் திறந்தார். தூள் ஐஸ், கல்லுப்பு, நடுவில் கை. சுற்றத் துணியில்லை, பையில்லை. தொட்டுப் பார்த்தார். விரல் மடங்கவில்லை, கட்டையாக உறைந்திருந்தது. ஈரத்துணியில் சுற்றிப் பைக்குள் போட்டு, அந்தப் பையை ஐஸ்மேல் வைத்திருந்தால் ஒட்டியிருக்கலாம். உப்புப் போட்ட ஐஸ் மீனுக்கு நல்லது, மனிதச் சதைக்கு எமன்.

"நெறைய ஐஸு போட்டேன் டாக்டரு," என்றாள் காசியம்மாள். வருஷக்கணக்காக மீன் கூடை தூக்குகிறவள். "உப்பும் தூவித்தான் எடுத்தாந்தேன். கெட்டுப் பூடல இல்ல?"

உப்புதான் கொன்றது என்று பெற்றவளிடம் எந்த வாயால் சொல்வது?

"நீ செஞ்சது சரிதாம்மா. வெட்டு மோசம். ஒட்டாது."

அவள் அலறவில்லை. திரும்பிச் சுவரில் மடேர் மடேரென்று நெற்றியை மோதினாள். பிடித்து இழுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

சீனுவின் ரத்தக்குழாய்களைக் கட்டி, வெறும் மணிக்கட்டை மூடித் தைத்துவிட்டு அவர் வெளியே வந்தபோது, வராந்தாவில் பரணிதரனைக் கிடத்தியிருந்தார்கள். அவன் கை அறுந்து விழவில்லை. உள்ளே எல்லாம் அறுந்து, தொங்கிக்கொண்டிருந்தது.

"டாக்டர், எம்புள்ள கைய ஒட்டுங்க. அந்தப் பசங்களுக்கு அப்பறம் பார்க்கலாம்," என்றார் வாசுதேவன்.

மேஜர் அவர் சட்டையைப் பிடித்துச் சுவரோடு வைத்து அறைந்தார். வாசுதேவனின் உதடு கிழிந்தது. போலீஸ்காரர் வந்து பிரித்துவிட்டார். அந்த ஒரு நிமிஷம் மேஜருக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை அவர் யாரிடமும் சொல்ல முடியாது.

தியேட்டரில் அவரும் நர்ஸ் ரூத்தும். மயக்க டாக்டர் தலைமாட்டில் இருந்தார். மேஜர் பரணிதரனின் ரத்தக்குழாயை இணைத்தார். வெளுத்துக் கிடந்த விரல்கள் சிவந்தன. விரல்களை இழுக்கிற தசைநாண்களை ஒவ்வொன்றாகத் தைத்தார். கட்டைவிரலுடையதும் ஆள்காட்டி விரலுடையதும் மிஞ்சின. நின்றார். இந்த இரண்டையும் விட்டுவிட்டால் போதும். கை உயிரோடு இருக்கும், பிடி இருக்காது. பாவி, சாகிறவரை அரிவாளைத் தொட மாட்டான். வெட்டில் நைந்துபோயிருந்தது என்று சொன்னால் எந்தக் கோர்ட்டும் கேள்வி கேட்காது.

"தோலைத் தைக்கலாம். நூல் குடு."

ரூத் கொடுக்கவில்லை. "கட்டைவிரலு பாக்கி கீது சார்."

"எனக்குத் தெரியும். நூல் குடு."

"ரெண்டு பாக்கி கீது. நான் பார்த்துகினுதான் கீறேன்."

"சீனு உன் தெருக்காரன்தானே?"

"ஆமா சார். இவன வெளியில பார்த்தா நானே கல்லப் போட்டு அந்தக் கைய நசுக்குவேன். இங்க வோணாம்."

மேஜர் ட்ரேயை எட்டி உதைத்தார். கத்திரியும் இடுக்கியும் தரையெங்கும் சிதறின. மயக்க டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். ரூத் அசையாமல் வேறு ட்ரேயைப் பிரித்து, மெல்லிய நூலை ஊசியோடு நீட்டினாள். அவர் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே அந்த இரண்டையும் தைத்தார். சும்மா சொல்லக்கூடாது, அவர் தைத்ததிலேயே அழகான தையல் அதுதான். 

வெளியே காசியம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தாள். நெற்றி வீங்கியிருந்தது.

"ஒட்டிட்டியா?"

"ஒட்டிட்டேம்மா."

"நல்லா புடிக்குமா அந்தக் கையி?"

"பிடிக்கும்."

"அருவா?"

மேஜர் தலைக்குல்லாயைக் கழற்றினார். பின்னால் ரூத் வந்து நின்றாள்.

"சொல்லு டாக்டரு. அருவா புடிக்குமா?"

"பிடிக்கும்மா."

காசியம்மாள் தலையாட்டிக்கொண்டாள். கோபிக்கவில்லை, சபிக்கவில்லை. கோபித்திருந்தால் அவருக்குத் தாங்கியிருக்கும்.

"புடிக்க எத்தினி நாளாவும்?"

"ரெண்டு மூணு மாசம்."

"அப்ப எம்புள்ள கையக் குடு," என்று எழுந்தாள். "எடுத்தும்போயி பொதைக்கணும். அந்தத் தோப்பு வழியாத்தான் போவணும், வேற வழி ஏது? அவன் கையி ஆறுறதுக்குள்ள போயிட்டு வந்துடறேன்."