தரைக்குள் இறங்கிய கட்டில்

தை மாதம் மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, களை வெட்டிக்கொண்டிருந்த வாரத்தில், ஓமந்தூருக்குத் தெற்கே தேவநாதன் வீட்டில், அவர் மனைவி செண்பகம் படுத்திருந்த கட்டில் தரைக்குள் இறங்க ஆரம்பித்தது. சிமெண்டுத் தரை. கீறல் விடவில்லை, தூள் உதிரவில்லை. சேடை ஓட்டிய சேற்றுக் கழனியில் கால் புதைவதுபோல நான்கு கால்களும் நிதானமாக உள்ளே போயின. கஞ்சி ஊட்டக் குனிந்த தேவநாதனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டபோதுதான் விஷயம் தெரிந்தது. கொத்தனார் வந்து அஸ்திவாரக் கோளாறு என்றார். வேறு அறைக்கு மாற்றினார்கள், அங்கேயும் இறங்கியது. வெறும் கட்டிலைப் போட்டால் அது பாட்டுக்கு நின்றது. திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள் கலைமதி ஒருநாள் பூராவும் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு வலி ஏற ஏறத்தான்பா இது எறங்குது" என்றாள். வலிக்குக் கனம் உண்டு என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

வயிற்றில் புற்று. இனி அறுத்துப் பயனில்லை என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். தேவநாதன் அவளிடம் வயிற்றுப்புண் என்று சொல்லிவைத்திருந்தார். பார்க்க வந்தவர்களும் வயிற்றுப்புண் என்றே பேசிவிட்டுப் போனார்கள். படுத்திருப்பவரிடம் அந்த நோயின் பெயரைச் சொல்லும் வழக்கம் அந்தப் பக்கத்தில் கிடையாது. செண்பகம் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாள்.

தீராத நோயாளிகளுக்கு வீடு தேடி வந்து வலி பார்க்கும் வேனைத் திண்டிவனத்திலிருந்து வரவழைத்தது கலைமதி. தேவநாதனுக்கு அந்த வேனைக் கண்டாலே ஆகாது. அது நின்ற வீட்டில் எல்லாம் அடுத்து சாவுப் பந்தல் போட்டார்கள். எல்லோரும் கடைசி மூச்சு இழுக்கும்போதுதான் அதைக் கூப்பிட்டார்கள் என்பதை அவர் யோசிக்கவில்லை. அவர் டாக்டரை நம்பியதில்லை, உரக்கடைக்காரனை நம்பியதில்லை, டிவியில் மழை வரும் என்றால் அன்றைக்குத்தான் நெல்லைக் காயப்போடுவார்.

வேனில் வந்த நர்சு ஆரோக்கியசெல்வி பார்த்தபோது சுற்றிலும் தரை குழிந்து கட்டில் முழங்கால் ஆழம் போயிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுப் பள்ளத்தில் இறங்கி, செண்பகத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது, தூக்கம் வருகிறதா என்று நெடுநேரம் கேட்டாள். முதுகு புண்ணாகாமல் புரட்டிப் படுக்கவைக்கக் கற்றுக்கொடுத்தாள். டாக்டர் எழுதிய மார்ஃபின் மாத்திரையை தேவநாதன் கையில் வைத்தாள்.

"வலி இருந்தாலும் இல்லாட்டியும் நாலு மணி நேரத்துக்கு ஒருவாட்டி குடுத்துடுங்க ஐயா. வலி வர்றதுக்கு முன்னாடி குடுக்கணும். இது மலம் கட்டும், அதுக்கு இந்த மருந்து."

"போதை மாத்திரைன்றாங்களே."

"இவங்களுக்கு இது வலி மாத்திரைங்க."

"குடுத்தா ஜல்தியா போயிடுவான்றாங்க."

"யாருங்க சொன்னது?"

யாரென்று தேவநாதனுக்கும் தெரியவில்லை. ஊர் சொன்னது.

விளைச்சலில் திரண்ட காயைப் பொறுக்கி விதைக்கென்று மூட்டை கட்டினால், வீடே பட்டினி கிடந்தாலும் அதை அவிழ்க்காத குடும்பம் அது. மாத்திரையையும் அவர் அப்படித்தான் வைத்தார். இதைவிடப் பெரிய வலி வரும், அன்றைக்குக் கைவசம் இருக்க வேண்டும். செண்பகம் தாங்காமல் கத்தினால் மட்டும் ஒன்று கொடுப்பார். கட்டில் கொஞ்சம் மேலே வரும், பிறகு முன்னைவிட ஆழமாகப் போகும். பங்குனியில் ஏணி வைக்க வேண்டியதாயிற்று. கஞ்சித் தூக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினார். அக்கம்பக்கத்தார் விளிம்பில் நின்று எட்டிப்பார்த்து, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு என்று விசாரிப்பதுபோல விசாரித்துவிட்டுப் போனார்கள். அவள் குரல் நாளுக்கு நாள் சன்னமாகிக்கொண்டு வந்தது. இன்னும் இறங்கினால் அது மேலே எட்டாது என்று தேவநாதனுக்குத் தெரிந்தே இருந்தது.

ஆரோக்கியசெல்வி மறுபடி வந்து, மாத்திரை அப்படியே கிடப்பதைப் பார்த்தாள். ஏணியில் இறங்கினாள். கீழேயிருந்து பேசியது செண்பகம்.

"அந்த ஆளு அப்பிடித்தான் கண்ணு. கல்யாணப் பட்டுப்பொடவைய நல்லநாளுக்கு ஆவும்னு பொட்டியில வெச்சாரு. எலிதான் கட்டிக்கினு போச்சு."

"புண்ணு ஆறுற வரைக்கும் பல்லக் கடிச்சிக்கினு இரு" என்றார் தேவநாதன் மேலேயிருந்து.

"யோவ், புண்ணாய்யா இது? ஆஸ்பத்திரி பெஞ்சுல தலையில துண்டப் போட்டுக்கினு அழுதியே, அன்னிக்கே தெரியும் எனக்கு."

அவர் பள்ளத்தின் விளிம்பில் குந்தினார்.

"போறவ போய்க்கினுதான் இருக்கேன். கத்திக்கினு போவட்டுமா, உங்கிட்ட பேசிக்கினு போவட்டுமா? அத்தச் சொல்லு."

தேவநாதன் மாத்திரையையும் தண்ணீர்ச் செம்பையும் எடுத்துக்கொண்டு ஏணியில் இறங்கினார்.

அன்று முதல் மணி தவறவில்லை. கலைமதி செல்போனில் வைத்துக்கொடுத்த அலாரம் கழனியில் அடித்தால் மண்வெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். நடுவில் ஒருதரம் கட்டில் பாதியில் நின்றது. நர்சம்மா டாக்டருக்குப் போன் போட்டு அளவைக் கூட்டியதும் மீண்டும் ஏறியது. சித்திரையில் தரைமட்டம். மல்லாட்டை பிடுங்கும்போது செண்பகம் வாசலில் உட்கார்ந்து, மண்ணுக்குள்ளேயே காயை விட்டுவிட்டு வரும் ஆட்களைப் பெயர் சொல்லித் திட்டினாள். கருவாட்டுக் குழம்பு கேட்டு நாலு வாய் தின்றாள். கழனியை யார் பார்ப்பது, கம்மல் யாருக்கு, மூச்சு முட்டினாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம் என்று எல்லாவற்றையும் அவளே பேசி முடித்தாள். தேவநாதன் அந்த நோயின் பெயரை முதன்முதலாக அவள் முன்னால் சொன்னார். அதனால் ஒன்றும் இடிந்து விழவில்லை. ஜல்தியாகப் போய்விடுவாள் என்றிருந்த ஊர் ஆடிவரைக்கும் காத்திருந்தது. ஆடியில் கட்டில் தரையை விட்டு எழும்பி அவர் இடுப்பு உயரத்தில் நின்றது. குனியாமல் துடைத்துவிட வசதியாக இருந்ததால் யாரும் அதைக் கீழே இழுக்கவில்லை. ஒரு மத்தியானம், கலைமதியின் நாத்தனாரைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருக்கும்போதே செண்பகத்தின் மூச்சு நின்றது. கட்டில் சத்தமில்லாமல் தரையில் உட்கார்ந்தது.

காரியம் முடிந்த பிறகும் வேன் வந்தது.

"இங்க யாருக்கும் உடம்பு சரியில்லாம இல்லியே" என்றார் தேவநாதன்.

"உங்களைத்தான் பார்க்க வந்தேங்க" என்றாள் ஆரோக்கியசெல்வி.

அவர் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு விரற்கடை தரைக்குள் இறங்கியிருந்தது. அவள் அதைப் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

"இதுக்கு மாத்திரை இருக்குதா?"

"இதுக்கு இல்லீங்க."

"அப்ப இன்னாத்துக்கு வந்த?"

"சும்மா பேசிக்கினு இருக்கலாம்னுதான்."

தேவநாதன் மழையைப் பற்றி ஆரம்பித்தார். பிறகு செண்பகத்தைப் பற்றி. வேன்காரர் இரண்டுமுறை ஹாரன் அடித்தும் அவர் பேச்சை விடவில்லை. அவள் மாதாமாதம் வந்தாள், நாற்காலியும் ஏறி வந்தது. ஆனால் முழுக்க ஏறவில்லை, ஒரு விரற்கடை உள்ளேயே நின்றுவிட்டது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வருகிற கலைமதி அதைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போகிறாள்.