மூன்று பிள்ளைகளுக்கு ஒரே பாடம்

அன்னக்கொடியின் மூன்று பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம்.

மூத்தவள் தங்கப்பொண்ணு ஏழாம் வகுப்பு முடித்த கோடையில் வயசுக்கு வந்தாள். "படிச்சது போதும்" என்று அப்பன் விருமாண்டி நிறுத்திவிட்டான். நடுவில் சுருளி, ஒன்பது வயசு. இளம்பிள்ளை வாதத்தில் வலது கால் சூம்பிப்போய், முழங்காலைக் கையால் அழுத்திக்கொண்டுதான் நடப்பான். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இடித்து அவன் விழுந்து பல் உடைந்த பிறகு, "இனி ஏதாச்சும் ஆச்சுன்னா நாங்க பொறுப்பில்லம்மா" என்று வாத்தியார் சொல்லிவிட்டார். கடைசி மாயக்காள் இன்னும் பள்ளிக்கூட வாசலையே மிதிக்கவில்லை. அக்காவும் அண்ணனும் போகாத இடத்துக்கு நான் மட்டும் எதுக்கு என்று கேட்டுவிட்டு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

விருமாண்டி லாரி டிரைவர். கப்பலூரில் சரக்கு ஏற்றினால் நாக்பூர், பம்பாய் என்று போய்த் திரும்ப நாளாகும். கோச்சடை வீட்டில் அன்னக்கொடிதான் எல்லாம். அவள் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவள்.

"ஸ்கூல் வேணாம்னுட்டீங்க, சரி. வீட்ல படிக்கக்கூடாதுன்னு சொல்ல மாட்டீங்கள்ல?" என்று புருசனிடம் கேட்டாள்.

"வீட்டுக்குள்ள என்னமும் பண்ணு புள்ள."

அது போதும் அவளுக்கு. கணக்குச் சொல்லிக்கொடுப்பது சிரமமாக இல்லை. வாசிப்பும் அப்படித்தான், கடலை மடித்த காகிதம் வரைக்கும் பிள்ளைகள் வாசித்தார்கள். எழுதச் சொன்னால்தான் மூவரும் பென்சிலைக் கடித்துக்கொண்டு முகட்டைப் பார்த்தார்கள்.

1980 ஆவணியில் ஒருநாள் டவுன் பஸ் ஏறி சிம்மக்கல்லுக்குப் போனாள். பழைய புத்தகக் கடை வைத்திருந்த ராமதாஸ் கேட்டார்:

"எந்த கிளாஸுக்கும்மா?"

"ஒண்ணு, நாலு, எட்டுண்ணே. மூணும் ஒரே வீட்ல, ஒரே நேரத்துல. வாத்தியார் நான் ஒருத்திதான்."

ராமதாஸ் அவளை ஒருதரம் பார்த்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். எழுத்தின் மேல் எழுதிப் பழகும் காப்பிப் புத்தகம், பயிற்சிகள் நிறைந்த இலக்கணப் புத்தகம், கட்டுரையும் கடிதமும் அடங்கிய தடித்த புத்தகம் என்று மூன்றை எடுத்து வைத்தார். அன்னக்கொடி ஒவ்வொன்றையும் மடியில் வைத்துப் புரட்டினாள்.

"இதுல எதுண்ணே நல்லாப் போகுது?"

"கட்டுரைதாம்மா. அப்படியே நெட்டுருப் போட்டுட்டா பரிச்சைக்குக் கவலையில்ல."

மூன்றையும் வாங்கிக்கொண்டாள்.

ஆளுக்கொரு புத்தகம் கொடுத்துப் பார்த்தாள். சரிப்படவில்லை. சுருளிக்கு எழுவாய் பயனிலை சொல்லி முடிப்பதற்குள் மாயக்காள் காப்பிப் புத்தகத்தோடு தன் கையிலும் பென்சிலால் கோலம் போட்டிருப்பாள். தங்கப்பொண்ணு, "நான் அப்புறமா எழுதிக்கிறேம்மா" என்று எழுந்து போய்விடுவாள். பேசாமல் மூவருக்கும் கட்டுரைப் புத்தகத்தையே எடுத்தாள். முதல் கட்டுரை 'பசு'. மூன்று பேரும் நெட்டுருப் போட்டார்கள். மாயக்காளுக்கு எழுத வரவில்லை, ஆனால் மூச்சு விடாமல் ஒப்பித்தாள்.

விருமாண்டி ஊரிலிருந்து வந்த மறுநாள் அவனை உட்காரவைத்து, பிள்ளைகளை வாசிக்கச் சொன்னாள். பசு ஒரு வீட்டு விலங்கு. அதற்கு நான்கு கால்கள் உண்டு. அது சாதுவானது. தங்கப்பொண்ணு வாசித்தாள். சுருளி வாசித்தான். மாயக்காள் ஒப்பித்தாள். விருமாண்டி காதைக் குடைந்துகொண்டே கேட்டான்.

"ஏத்தா, நம்ம செவலைப் பசு கதவை முட்டித் தள்ளி, மாவுப் பானைக்குள்ள மூஞ்சியை விட்டுச்சுன்னு நேத்து அம்புட்டுச் சிரிச்சுச் சொன்னீங்க. அது இதுல ஒண்ணுமே இல்ல? இது யாரு வீட்டு மாடு?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அன்னக்கொடிக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாள் உழைப்பும் வீணாகிப்போன மாதிரி முகம் சுண்டிவிட்டது. அடுப்படியில் போய் நின்று, அவன் சொன்னதை மறுபடி மறுபடி மனசுக்குள் ஓட்டினாள். யார் வீட்டு மாடு? யார் வீட்டு மாடும் இல்லைதான்.

மறுநாள் காலை கட்டுரைப் புத்தகத்தைப் பரணில் போட்டாள். காப்பிப் புத்தகத்தை மாயக்காளின் கைப்பழக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டாள். இலக்கணப் புத்தகம் அவளோடு இருந்தது. பிள்ளைகள் எங்கே தப்பு விடுகிறார்களோ அந்தப் பக்கத்தை மட்டும் அன்றைக்குத் திறப்பாள்.

"செவலை கதவை முட்டுனதை எழுதுங்க" என்றாள். "மூணு பேருக்கும் அதுதான் பாடம்."

"எனக்கு எழுதத் தெரியாதே" என்றாள் மாயக்காள்.

"தெரிஞ்ச வார்த்தையை எழுது."

மாயக்காள் 'கதவு', 'மாவு' என்று இரண்டு வார்த்தை எழுதி, பக்கத்தில் மாட்டுக்கு மீசை போட்டாள். சுருளி நாலு வரி எழுதினான். தங்கப்பொண்ணு பக்கம் நிறைய எழுதினாள். பிறகு ஒருவர் எழுதியதை மற்றவர்கள் முன்னால் வாசிக்க வேண்டும். கேட்கிறவர் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். கேள்விக்குப் பதில் வாயால் சொல்லக்கூடாது, தாளில் சேர்த்து எழுதித்தான் சொல்ல வேண்டும். இதுதான் அவள் வைத்த சட்டம்.

"மாடு ஏன் முட்டுச்சு?" என்று சுருளியைக் கேட்டாள் தங்கப்பொண்ணு.

"பசிச்சுச்சு..."

"வாயை மூடுறா. எழுது."

இப்படியே வைகையில் தண்ணீர் வந்தது, கறிவேப்பிலைக்காரி பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போட்டது, சுவர் இடிய மழை பெய்தது எல்லாம் பாடமானது. சுருளி 'மளை' என்று எழுதுவான். ஊரே அப்படித்தானே பேசுகிறது! "நாக்கை உள்ள மடக்கிச் சொல்லிட்டு எழுதுடா" என்பாள் அன்னக்கொடி. மழை, பழம், கிழவி என்று மூன்றும் நாக்கை மடக்கிக் கத்துவதைக் கேட்டு, தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

விருமாண்டி ஊருக்கு வந்தால் அவனும் கேள்வி கேட்கிற வரிசையில் உட்கார்ந்தான். முதலில் விளையாட்டாகக் கேட்டவன் பிறகு, "நான் இல்லாதப்ப எழுதுனதை எடுங்க, எதையும் ஒளிக்காதீங்க" என்று கேட்டு வாங்க ஆரம்பித்தான்.

மறுவருஷம் தங்கப்பொண்ணு எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதித் தேறினாள். சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்த விருமாண்டி, "இம்புட்டு நல்லா எழுதுற பிள்ளையை எதுக்குப் புள்ள வீட்லயே வச்சிருக்க?" என்று அன்னக்கொடியைக் கேட்டான்.

நிறுத்தியது யாரென்று கேட்க நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, "மூணையும் சேர்த்துப் போட்டுருவோம்" என்றாள்.

வெளுத்த சட்டை போட்டு, லாரியிலேயே கூட்டிப்போனான். ஒன்று முதல் பத்து வரை இருக்கிற பெரிய பள்ளிக்கூடம். தலைமையாசிரியர் சான்றிதழைப் பார்த்தார். பிறகு சின்னவர்கள் இருவரையும் பார்த்தார்.

"இவங்க எங்க படிச்சாங்க?"

"வீட்லதான் சார்."

"வீட்ல படிச்ச பிள்ளைகளை எந்த வகுப்புல உட்காரவைக்கிறது? சரி, மூணு பேரும் ஆளுக்கொரு தாள் எடுங்க. இங்க வந்த வழியை எழுதுங்க."

அன்னக்கொடி வராந்தாவுக்குப் போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். விருமாண்டி பீடியை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பைக்குள் வைத்தான்.

கொஞ்ச நேரத்தில் தலைமையாசிரியர் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். மாயக்காளின் தாளை முதலில் வாசித்தார். 'அப்பா ஆரன் அடித்தார். ஆடு ஓடியது. ஆட்டுக்காரர் எங்களைத் திட்டினார்.' அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

தங்கப்பொண்ணு எழுதியதை முழுக்க வாசித்தார். அதில் ஓர் இடம்: 'என் படிப்பை நிறுத்தியவர் எங்கள் அப்பா. இன்று என்னைக் கூட்டி வருகிறவரும் அவரே. வழியெல்லாம் அவர் பேசவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.'

விருமாண்டி சுவரில் தொங்கிய இந்தியா மேப்பை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஓட்டிப் போகாத ரோடு அதில் குறைவுதான். ஆனால் அவன் கண்ணில் அப்போது எந்த ஊரும் தெரியவில்லை.

சுருளியின் தாளில் இப்படி இருந்தது: 'லாரியில் இருந்து அப்பா என்னை இறக்கிவிட்டார். வராந்தா வரை நானே நடந்தேன். நான் சேர வேண்டிய ஐந்தாம் வகுப்பு மாடியில் இருக்கிறது. படி செங்குத்தாக இருப்பதால் நான் ஏறவில்லை. அக்கா ஏறிப் பார்த்துவிட்டு வந்து, மூன்று ஜன்னல் இருக்கிறது, வேப்பமரம் தெரியும் என்று சொன்னாள். அதனால் இந்த இடம் மட்டும் நான் பார்த்து எழுதியது அல்ல.'

தலைமையாசிரியர் அதை மட்டும் இரண்டாம் தரம் வாசித்தார், சத்தம் இல்லாமல்.

"இவன் அஞ்சாம் வகுப்புலயே உட்காரலாம், அந்த வகுப்பைக் கீழே மாத்திரலாம்" என்றார் எழுத்தரிடம். "கீழ பழைய மேப்பு, பெஞ்சு எல்லாம் கிடக்கிற ரூமைக் காலி பண்ணச் சொல்லுங்க." பிறகு அன்னக்கொடி பக்கம் திரும்பினார். "எந்தப் புத்தகம் வச்சும்மா சொல்லிக்குடுத்தீங்க? மூணும் ஒரே வழியாத்தான் வந்திருக்கு. ஒருத்தர் எழுதுன மாதிரி ஒருத்தர் எழுதலையே!"

"புத்தகம் மூணு வாங்குனேன் சார். தேவைப்பட்ட பக்கத்தை மட்டும் எடுத்துக்கிட்டேன்" என்றாள். குரல் நடுங்கவில்லை. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

திரும்பும்போது கோச்சடை டீக்கடை முன்னால் விருமாண்டி காரணமில்லாமல் லாரியை நிறுத்தினான். இறங்கிப் போய், கடையில் இருந்தவர்களிடம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான்.

"அண்ணே, ஹெட்மாஸ்டரே எந்திரிச்சு நின்னுட்டாருண்ணே!"

"உட்கார்ந்துதான்ப்பா இருந்தார்!" என்று லாரிக்குள்ளிருந்து கத்தினாள் மாயக்காள்.

"எம் மவனுக்காக ஒரு மாடியையே கீழ இறக்குறாக!"

"மாடியை இல்லப்பா, வகுப்பை!" இது சுருளி.

வீட்டில் மாடு கத்திக்கொண்டிருக்கும், உலையும் வைக்கவில்லை. அன்னக்கொடி அவனைக் கூப்பிடவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். அவன் சொல்லி முடிக்கட்டும்.