அந்த ஒரு வரி

"இந்த வரிய மட்டும் எடுத்துடு, செலோம்." ஃபோலி சித்தப்பா தாளில் இழுத்த பேனாக்கோடு அடுத்த பக்கத்திலும் பதிந்துவிட்டது.

வெளியே பந்தலில் செலோமின் அக்கா டாக்டர் அக்பெனேயின் சவப்பெட்டியைச் சுற்றிக் கறுப்பும் சிவப்புமான துக்க உடைகளில் ஊர் நிறைந்திருந்தது. தம்பி என்ற முறையில் இரங்கலுரையை அவன்தான் வாசிக்க வேண்டும்.

"அக்ராவிலேர்ந்து பெரிய மனுஷங்கல்லாம் வந்திருக்காங்க. உன் பொண்ணு எடினமுக்கு இப்பத்தான் வரன் கூடி வருது. அவ அப்பன சங்கிலியில கட்டிப் போட்டிருந்தாங்கன்னு இன்னிக்கா சொல்லணும்?"

செலோம் தாளை வாங்கி மடித்துக்கொண்டான்.

பத்தொன்பது வயதில் காதுக்குள் குரல்கள் கேட்கத் தொடங்கியபோது, அப்பா அவனை ஜெப முகாமில் விட்டுவிட்டு வந்தார். மாமரத்தடியில் எட்டு மாதம், காலில் சங்கிலி. ஆசிரியர் பயிற்சியில் இருந்த அக்கா சனிக்கிழமைதோறும் லாரி பிடித்து வந்து அவன் பக்கத்தில் மண்ணிலேயே உட்காருவாள்.

"உனக்கும் பைத்தியமாக்கா?"

"உனக்கு ஒரு துணை வேணாமா? சரி, அந்தக் குரலு இன்னிக்கு என்ன சொல்லுச்சு? எனக்கும் சொல்லேன்."

அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அடித்தார்கள், பட்டினி போட்டார்கள், ஜெபித்தார்கள். போதகரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அவனை மீட்டுக்கொண்டு போனவள், அந்த வருடமே உளவியல் படிக்கச் சேர்ந்தாள்.

பிறகு முப்பது வருடம் முகாம் முகாமாக அலைந்தாள். எந்தப் போதகரிடமும் சண்டைக்குப் போனதில்லை. "ஒரே ஒருத்தர மூணு மாசம் எங்கிட்ட விடுங்க பாஸ்டர். நீங்க ஜெபத்த நிறுத்தாதீங்க. எங்க நர்ஸ் மருந்த நிறுத்த மாட்டாங்க" என்பாள். மூன்றாம் மாதம் அந்த ஆள் தன் காலால் நடந்து வந்து போதகருக்கு வணக்கம் சொல்வான். அப்படி இருபத்திரண்டு முகாம்களில் சங்கிலி கழன்றது. அவள் எழுதிய புத்தகத்தைப் பல நாட்டுக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். முதல் அத்தியாயத்தில் பெயரில்லாத ஓர் இளைஞன் வருகிறான்.

"உன் பேரப் போடட்டுமாடா?" என்று ஒரே ஒருமுறை கேட்டாள். "வேணாங்க்கா" என்றான். அதற்குப்பின் கேட்கவேயில்லை.

ஒலிபெருக்கி அவன் பெயரைக் கூப்பிட்டது. படித்த பள்ளி, வாங்கிய பட்டம், பயிற்சி கொடுத்த நர்ஸுகள் என்று தாளில் இருந்ததையெல்லாம் வாசித்தான். கோடு அடித்திருந்த வரிக்கு வந்ததும் நிறுத்தினான். முன்வரிசையில் சித்தப்பா வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

"அக்கா புத்தகத்துல முதல்ல வர்ற பையனுக்குப் பேரு கிடையாது," என்றான். தாளை மடித்தான். "மாமரத்தடியில எட்டு மாசம் சங்கிலியில கிடந்தவன். அவன் பேரு செலோம். நான்தான்."

விசிறிகள் நின்றன. மேளக்காரர்கள் சித்தப்பாவைப் பார்த்தார்கள். மேளத்தைத் தொடங்கச் சொல்லி அவர் கை எழவில்லை.

தோளில் போர்த்தியிருந்த துக்கத் துணி நழுவியதுகூடத் தெரியாமல் செலோம் நின்றுகொண்டிருந்தான். இரண்டாம் வரிசையிலிருந்து எடினம் எழுந்து வந்தாள். துணியை இழுத்து அப்பாவின் தோளில் சரியாகப் போட்டுவிட்டு, இருக்கைக்குத் திரும்பாமல் அவன் பக்கத்திலேயே நின்றாள்.