மணி அடிக்காத வெப்பம்

நாலாயிரம் முட்டைகளை ஒரே மதியத்தில் அவித்த பெருமை என்னையே சேரும். சமையலுக்கல்ல. இன்னும் இரண்டு நாளில் ஓட்டை உடைத்து வெளியே வரவேண்டிய குஞ்சுகள்.

தங்கை கணவர் குஞ்சு பொரிப்பகம் நடத்துகிறார். அடைகாக்கும் அறையின் வெப்பம் முப்பத்தேழு டிகிரிக்குக் கீழே இறங்கினாலோ, முப்பத்தெட்டுக்கு மேலே ஏறினாலோ மணி அடிக்க வேண்டும். கருவிக்கு நிபந்தனை எழுதித் தரச் சொன்னார். இருபது வருடமாகப் பள்ளியில் அசமன்பாடு நடத்துகிறவனுக்கு இதெல்லாம் ஜுஜுபி. இரண்டு வரியாக எழுதினால் அழகில்லை என்று ஒரே வரியில் கோத்தேன்: 38 < வெப்பம் < 37. அதாவது, முப்பத்தெட்டைவிட அதிகமாகவும், அதே நேரத்தில் முப்பத்தேழைவிடக் குறைவாகவும் இருந்தால் அடி. அப்படியோர் எண் இன்னும் பிறக்கவில்லை. இதே தப்புக்கு எத்தனை பிள்ளைகளுக்கு முட்டை போட்டிருக்கிறேன்!

அந்த அறையைப் பார்த்துக்கொண்டவருக்கு ஆந்தை என்று பட்டப்பெயர். அரைமணிக்கொரு தரம் வெப்பமானியை முறைத்து நோட்டில் குறிப்பார். நான்தான் தோளில் தட்டினேன்.

"இனிமே எதுக்கு முறைச்சுக்கிட்டு? மணி அடிச்சா போய்ப் பாருங்க, போதும்."

படித்தவன் சொல்கிறானே என்று நம்பிவிட்டார். ஒரு மதியம் வெப்பம் நாற்பத்திரண்டைத் தாண்டியது; மணி அடிக்கவில்லை, அவரும் போய்ப் பார்க்கவில்லை.

செத்த முட்டைகளை அவரையே குழியில் கொட்டச் சொன்னார்கள். விரிசல் விட்ட ஓடுகளில் குட்டி அலகுகள் தெரிந்தன. கடைசித் தட்டைக் கவிழ்த்தபின், நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்கள். போகும்போது என்னிடம் வந்தார்.

"சார், மணி அடிச்சுதா? எனக்குத்தான் காது அவுட்டா?"

"ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்களேன்" என்றேன். என் வாய்தான் சொன்னது.

நாலு நாள் சோறு இறங்கவில்லை. தங்கையிடம் புலம்பினால், "அண்ணா, அவர்கிட்டயே பேசிக்கோ" என்று நழுவினாள். ஐந்தாம் நாள் மாப்பிள்ளை முன்னால் போய் நின்றேன்.

"மாப்பிள்ளை, தப்பு என்னோடது. நான் எழுதினதுக்கு அந்த மணி எந்த ஜென்மத்துலயும் அடிக்காது."

"தெரியும் மச்சான். அன்னைக்கே கருவியைத் திறந்து பார்த்துட்டேன்."

"அப்புறம் ஏன் அவரை அனுப்பினீங்க?"

மழுப்புவார் என்றுதான் எதிர்பார்த்தேன். புதுத் தட்டில் முட்டை அடுக்கிக்கொண்டே சொன்னார்:

"உங்களைக் குத்தம் சொன்னா உங்க தங்கச்சி ஒரு மாசம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவா. அவரை அனுப்பினா கேக்க ஆளில்லை. நீங்களே அஞ்சு நாள் கழிச்சுத்தானே வர்றீங்க?"