நாற்காலி இல்லாத நூலகம்

அமெரிக்காவின் தென்பகுதியில் இருக்கும் எங்கள் கார்வின்பரோ நகரசபைக்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதாம் வருஷம் கோடை முழுவதும் அதைச் செலவழித்து அவர்கள் கண்டுபிடித்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

அந்த வசந்தத்தில் எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் பெரிய நூலகத்துக்குள் போய்ப் புத்தகம் கேட்டார்கள். எங்களைப்போன்ற கறுப்பர்களுக்கென்று ரயிலடிக்குப் பின்னால் நூலகம் என்ற பெயரில் ஓர் ஈர அறை ஏற்கெனவே இருந்தது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் கிறுக்கிக் கிழித்த புத்தகங்கள் கடைசியில் வந்து ஒதுங்கும் இடம். பெரிய நூலகத்தில் கால் வைத்ததற்காகப் பிள்ளைகளைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். வழக்கு நடந்தது. எல்லோருக்கும் திறந்துவிடு என்றது நீதிமன்றம். நகரசபை உடனே யாருக்கும் கிடையாது என்று பூட்டிவிட்டது. படிக்கக் காதல் கதை கிடைக்காமல் அவர்கள் வீட்டுப் பெண்கள் பிடுங்கி எடுத்திருக்க வேண்டும், செப்டம்பரில் திறந்தார்கள். திறப்பதற்கு முன் ஒரு லாரி வந்து, உள்ளே இருந்த நாற்காலி மேசைகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போனது.

கறுப்பரும் வெள்ளையரும் ஒரே கூரையின் கீழ் நிற்பதில் தனக்கு ஆட்சேபம் இல்லை, சேர்ந்து உட்காருவதுதான் நல்லதல்ல என்று மேயர் பத்திரிகைக்குச் சொல்லியிருந்தார்.

என் அண்ணி ஓசெல்லா அதை அவளுடைய அழகு நிலையத்தில் உரக்கப் படித்தாள். நான் அங்கே தலை அலசிவிடும் வேலையில் இருந்தேன்.

"கேட்டியா நெட்டி? நிக்கிறதுல தோஷம் இல்லையாம். அவனுக்கு எல்லாமே உட்கார்ற இடத்துலதான் இருக்கு போல, மூளையும் சேர்த்து."

நாற்காலிகளில் இருந்த பெண்கள் சிரித்து அடங்க நேரமாயிற்று. எங்கள் கடையில் வெள்ளைக்காரர் யாரும் தலை வைப்பதில்லை. அதனால் ஓசெல்லாவுக்குச் சோறு போடுவதும் நிறுத்துவதும் அவர்கள் கையில் இல்லை. அவள் வாய்க்கும் அதுதான் காரணம்.

எங்கள் பள்ளித் தலைமை ஆசிரியர் கெயின்ஸ் மறுநாளே வந்தார். தொப்பியைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"ஓசெல்லா, நீ ஏதோ பண்ணப்போறேன்னு காதுல விழுந்துச்சு. கதவத் திறந்துட்டாங்க. அதுவே எவ்வளவு பெரிய விஷயம். நின்னுக்கிட்டுப் படிச்சா நமக்கு என்ன குறைஞ்சுபோச்சு?"

"உங்களுக்குக் குறையாது சார். குனிஞ்சு நின்னே பழக்கம்."

அவர் முகம் சுருங்கியது. எனக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. அண்ணிக்கு இல்லை.

முதல் நாள் நாங்கள் சும்மா போய்ப் பார்த்தோம். தரையில் மேசைக் கால்கள் இருந்த இடமெல்லாம் வெளுத்துத் தெரிந்தது. வெள்ளைக்காரர்கள் சுவரில் சாய்ந்தும் அலமாரியில் முட்டுக்கொடுத்தும் நின்றபடி தூங்கும் குதிரைகளைப்போலப் படித்துக்கொண்டிருந்தார்கள். நூலகர் மிஸ் விட்லோவின் முக்காலியைக்கூட விட்டுவைக்கவில்லை. அவர் வீங்கிய கணுக்காலில் துணி சுற்றிக்கொண்டு, ஒரு காலை மாற்றி ஒரு கால் ஊன்றி நின்றார். எங்களை உட்காரவிடாமல் இருக்க அவர்கள் எல்லோரும் நின்றார்கள். இத்தனைக்கும் எங்கள்மேல் அவர்களுக்கு வெறுப்பு இல்லை என்று ஞாயிறுதோறும் தேவாலயத்தில் சொல்லிக்கொள்கிறவர்கள்.

திரும்பி வரும்போது அண்ணி நேராக டிப்ஸ் கடைக்குப் போனாள். எங்கள் ஜனங்களின் சாவுக் காரியங்களை எடுத்து நடத்துகிறவர் அவர். துக்க வீடுகளுக்கு அனுப்பும் மடக்கு நாற்காலிகள் அவரிடம் அடுக்கடுக்காக இருந்தன.

"வேணாம் ஓசெல்லா. என் பேரு ஒவ்வொரு நாற்காலி முதுகுலயும் எழுதியிருக்கு. நாளைக்குப் போலீஸ்காரன் என் சவ வண்டிய மறிச்சான்னா?"

"உங்க வண்டியில படுத்துப் போறவங்க ஒருத்தரும் போலீசுக்குப் பயப்படலையே, நீங்க மட்டும் ஏன் பயப்படறீங்க?"

டிப்ஸ் முனகிக்கொண்டே சாவியை எடுத்தார்.

சனிக்கிழமை, தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு நாற்காலியைக் கக்கத்தில் இடுக்கி, கடைத்தெரு வழியாக நடந்தோம். எங்கள் கடைக்கு வரும் பெண்கள் சிலர், நான், அண்ணி. அவள் ஒன்று அதிகமாகவே தூக்கி வந்தாள். என் பயம் வெளியே தெரியக்கூடாது என்று நாற்காலியை இறுக்கிப் பிடித்தேன். உள்ளே போய்ப் புத்தகம் எடுத்துக்கொண்டு, நாற்காலிகளை விரித்து உட்கார்ந்தோம்.

மிஸ் விட்லோ ஓடி வந்தார். "இங்க உட்காரக் கூடாது."

"அப்படி எங்க எழுதியிருக்கு மேடம்?" என்றாள் அண்ணி.

"எழுத என்ன இருக்கு? இங்க நாற்காலியே கிடையாது."

"தெரியும். அதனாலதான் கொண்டுவந்தோம்."

அவர் போலீசுக்குப் போன் செய்யப் போனார். அப்போதுதான் கார்லைல் கிழவர் வந்தார். வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர். வாரம் முழுக்கக் கைத்தடியில் சாய்ந்து பத்திரிகை படித்துக் களைத்திருந்தார். காலியாக இருந்த நாற்காலியைத் தடியால் காட்டினார்.

"ஏம்மா, இதுல யாராவது உட்கார்றாங்களா?"

"இல்ல சார். உட்காருங்க."

உட்கார்ந்தார். நன்றி சொல்லவில்லை. ஆனால் அவர் விட்ட பெருமூச்சு அறை முழுக்கக் கேட்டது. நின்றுகொண்டிருந்தவர்கள் அவரையே பார்த்தார்கள். அருவருப்பா பொறாமையா என்று சொல்லத் தெரியவில்லை.

போலீஸ் காப்டன் டாபின்ஸ் ஆட்களோடு வந்து நின்றார். உட்கார்ந்த எல்லோரையும் பிடிக்கச் சொல்லி அவருக்கு உத்தரவு. முதலில் கண்ணில் பட்டது கார்லைல்.

"சார், அது... அவங்க நாற்காலி."

"தெரியுது. முட்டி வலிக்குது."

"கொஞ்சம் எழுந்திரிச்சீங்கன்னா நாங்க வேலையப் பார்ப்போம்."

சட்டம் தன் வேலையைச் செய்ய, இரண்டு போலீஸ்காரர்கள் அவரைக் கைத்தாங்கலாகத் தூக்கி நிறுத்தினார்கள். பிறகு காப்டன் எங்கள் பக்கம் திரும்பினார்.

"ஓசெல்லா, எந்திரி."

"திருமதி பீக்ஸ்னு கூப்பிடுங்க."

"எந்திரின்னு சொன்னேன்."

அவள் பக்கத்தைப் புரட்டினாள். நாங்களும் அசையவில்லை. கை ஓங்கவில்லை, குரல் உயர்த்தவில்லை. என் பக்கத்தில் இருந்த பெண்ணை முடியைப் பிடித்து இழுத்துப் போனார்கள். என்னைத் தரதரவென்று இழுத்ததில் முழங்கை தோல் உரிந்தது. அண்ணி கனத்த உடம்பு. இழுத்துப் பார்த்தும் முடியாமல், நாலு பேராக நாற்காலியோடு தூக்கினார்கள். வாசலில் கூடியிருந்த கூட்டத்தின் முன்னால், நூலகத்தின் வெள்ளைத் தூண்களுக்கு நடுவே, அவள் பல்லக்கில் போகிறவளைப்போலப் படி இறங்கி வந்தாள். புத்தகத்தை மூடவில்லை. தூக்கியவர்களுக்கு முகம் ரத்தமாகச் சிவந்து வியர்த்துக் கொட்டியது. போலீஸ் வேனுக்குள் கிடந்தபடி அதைப் பார்த்தபோது என் பயம் போய்விட்டது. இவர்களுக்கா இத்தனை நாள் பயந்தோம் என்று வெட்கமாகக்கூட இருந்தது.

சிறை அறையில் சுவரோரம் ஒரு பெஞ்சு இருந்தது. அண்ணி அதைத் தட்டிப் பார்த்து உட்கார்ந்தாள்.

"பரவாயில்ல, படிச்சவங்க கூடுற இடத்தவிட இங்க மரியாதை ஜாஸ்தி."

வழக்கில் எங்கள் வக்கீல் கார்லைலைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். அன்றைக்கு நூலகத்துக்குப் போனதாகவே ஞாபகம் இல்லை என்றார் கிழவர். சொல்லிவிட்டு, சாட்சிக் கூண்டு நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டார். எங்களைத் திட்டியவர்களைக்கூட மறந்துவிட்டேன். அந்த முகத்தை மறக்கவில்லை.

நீதிபதி அபராதம் விதித்தார். அதோடு விட்டிருந்தால் சிரித்துக்கொண்டே போயிருப்போம். அந்த வாரமே என் அண்ணன் லோனியை நூற்பாலையில் கணக்குத் தீர்த்து அனுப்பினார்கள். மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே கையில் வைத்துக்கொண்டு கடைக்குள் வந்தான்.

"பெண்டாட்டிய அடக்கத் தெரியாதவனுக்கு மெஷின் எதுக்குன்னு கேட்டாங்க."

அண்ணி சுருட்டை முடியை நீவி நேராக்கும் சூடான சீப்பைக் கீழே வைத்தாள். லோனியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தொடர்ந்தான்.

"என்ன பார்க்கற? அடுத்த சனிக்கிழமை எனக்கும் ஒரு நாற்காலி சொல்லி வை. இப்ப எனக்கு நேரம் இருக்கு."

அடுத்த சனிக்கிழமையும் போனோம், அதற்கடுத்ததும். டிப்ஸின் நாற்காலிகள் போலீஸ் நிலையத்தில் குவிந்தன. அவர் முனகுவதையும் நிறுத்திவிட்டார். லோனிக்குக் குளிர்காலம் முழுக்கக் கூலி வேலைதான் கிடைத்தது. அவர்கள் வீட்டுச் சோறும் என் வீட்டுச் சோறும் அண்ணியின் சீப்பிலிருந்தே வந்தது.

வெள்ளைக்காரர்கள் மெல்ல மெல்ல நூலகத்துக்கு வருவதையே நிறுத்தினார்கள். கொள்கைக்காகக் கால் கடுக்க நிற்க எத்தனை பேரால் முடியும்? முக்காலி திரும்பி வராவிட்டால் வேலையை விடுவேன் என்றாராம் மிஸ் விட்லோ. முக்காலி வந்தது. அப்புறம் பெரியவர்களுக்கு என்று இரண்டு நாற்காலி. பனி உருகும் சமயத்தில் லாரி பழையபடி வந்து மேசைகளை இறக்கிவிட்டுப் போனது. யாரும் அறிவிக்கவில்லை, வருத்தமும் தெரிவிக்கவில்லை. மேயர் பத்திரிகைக்கு வேறு ஏதோ விஷயம் பேசிக்கொண்டிருந்தார். கெயின்ஸ் மட்டும் எங்கள் தேவாலயத்தில் எழுந்து, பொறுமையின் பலனைப் பார்த்தீர்களா என்றார்.

மேசைகள் வந்த வாரத்துச் செவ்வாய்க்கிழமை கடையை அடைத்துவிட்டு அண்ணியும் நானும் போனோம். ஜன்னலோர மேசையில் ஒரு வெள்ளைக்காரி படித்துக்கொண்டிருந்தாள். அண்ணி அவளுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தாள். வெள்ளைக்காரி சுற்றுமுற்றும் பார்த்தாள், புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள், சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

"நெட்டி, அந்த நாற்காலி காலிதானே?" என்றாள் அண்ணி.

"காலிதான் அண்ணி."

அண்ணி கைப்பையை அதன்மேல் வைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, படிக்க ஆரம்பித்தாள்.