நாலு முழத்துக்கு அப்பால்

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் குடியிருக்கும் சாந்தமேரியைச் சுற்றி நாலு முழத்துக்குள் கொசு வருவதில்லை. கணவர் ரபேலுக்கு டெங்கி வந்துபோன ஆண்டில் அது தொடங்கியது. கொசுவத்திப் புகை அவருக்கு இளைப்பைக் கிளப்பும் என்பதால், அவள் வாய் கொப்பளிக்கும் மருந்தில் கிராம்பை ஊறவைத்து, செராய் என்னும் எலுமிச்சைப் புல்லின் தண்டை இடித்துப் போட்டு, பேபி ஆயில் கலந்து இருவர் கைகாலிலும் தேய்த்தாள். பல் டாக்டர் அறையில் படுத்திருப்பதுபோல இருக்கிறது என்றார் ரபேல். ஒரு மாதம் கடையில் அந்த மருந்து கிடைக்கவில்லை. தேய்ப்பதை விட்டாள். அப்போதும் கொசுக்கள் அவளை நெருங்கவில்லை. நாலு முழம் தள்ளி அந்தரத்தில் நின்று, சற்று யோசித்து, திரும்பிப் போயின. ரபேல் தன் கட்டிலை அவள் பக்கமாக நகர்த்திக்கொண்டார்.

அக்கம்பக்கம் இதற்குச் சீக்கிரமே பழகிவிட்டது. மாலைப் பூசையில் அவள் உட்காரும் பெஞ்சுதான் முதலில் நிரம்பும். சாவு வீட்டுக் கூடாரத்தில் அவளை நடுவில் உட்காரவைப்பார்கள். மூன்றாம் மாடியிலிருந்த அக்காள் குமுதா மட்டும் கிட்ட வரவில்லை. கடைசிக் காலத்தில் ஞானஸ்நானம் பெற்ற அம்மாவை எரிப்பதா புதைப்பதா என்ற சண்டையில் இருவருக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது.

அந்த மழைக்காலத்தில் குமுதாவின் மகள் விஷ்ணுப்ரியா பிள்ளைப்பேற்றுக்குப் பூச்சோங்கிலிருந்து தாய்வீடு வந்தாள். அதே வாரம் பக்கத்து வீட்டுப் பெண்ணை டெங்கியோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவள் திரும்பவில்லை. குமுதாவும் கிராம்பு ஊறவைத்துப் பார்த்தாள். கொசுக்கள் அதில் குளித்துவிட்டு வந்து கடித்தன. தங்கையிடம் போய்க் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

சாந்தமேரி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினாள். அக்காள் வாசலில் அதைப் போட்டு உட்கார்ந்து பூண்டு உரித்தாள்.

"இங்க என்ன பண்ற?" என்றாள் குமுதா, கம்பிக்கதவுக்குப் பின்னாலிருந்து.

"என் வீட்டுல ஃபேன் ஓடலக்கா."

"நேத்து ஓடுச்சே. சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு."

"இன்னைக்கி ஓடலலா."

குமுதா உள்ளே போய்விட்டாள். வாசலில் கொசு இல்லை. ஆனால் பின்னறையில் விஷ்ணுப்ரியா தன் காலைத் தட்டித் தட்டிக் கொசு அடிக்கும் சத்தம் இருவருக்கும் கேட்டது. கம்பிக்கதவு திறந்தது.

"அவ பின்ரூம்ல படுத்திருக்கா. நீ இங்க உக்காந்தா எட்டாது."

சாந்தமேரி நாற்காலியோடு உள்ளே போனாள். சில நாளில் ரபேலும் தலையணையோடு மேலே வந்து சேர்ந்தார். விஷ்ணுப்ரியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அம்மா விஷயத்தில் அக்காளும் தங்கையும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. தொட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி உட்கார்ந்து அதே சண்டையைப் போடுகிறார்கள். பொழுது சாய்ந்தால் கொசுக்கள் சன்னலுக்கு வெளியே வந்து நிற்கும். குமுதா எழுந்து, அவற்றின் முகத்துக்கு நேரே திரையை இழுத்துவிடுவாள்.